கொடுமுடிக் கோகிலம்

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு எழும்போதெல்லாம், "இந்தக் குரலுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்பார் என் பாட்டி. அதன் பொருள் பின்னரே எனக்கு விளங்கிற்று. ஒலிபெருக்கி இல்லாத நாளில் மேடையேறியவர் அவர். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். ஆகவே அக்கால நாடக நடிகர் உயர்ந்த சுருதியில் பாடினர். வசனத்தைவிடப் பாட்டே நாடகத்தை நடத்திச் சென்றது.

1908-இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையால் இளமையிலேயே நடிக்க வந்தவர், 1927-இல் இசை நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளாடை உடுத்தினார், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கலையை விட்டாரா? இல்லை! 1935-இல் நந்தனாராகவும், 1953-இல் ஔவையாராகவும் திரையில் தோன்றினார். ஆண் வேடமும் முதுமை வேடமும் ஏற்றதால் கலையும் வளர்ந்தது, விரதமும் நிலைத்தது. 1980-இல் மறையும்வரை அவ்வுறுதி தளரவில்லை.

என் தந்தை மறைந்த ஆண்டு, படிப்பை விட்டுவிட எண்ணினேன். அன்று பாட்டி எனக்குச் சொன்னது இந்த வரலாற்றைத்தான். மறுநாள் கல்லூரிக்கு வந்தேன்.