தாயிடமா, தந்தையிடமா? – பிள்ளையின் விருப்பமும் சட்டமும்

மணமுறிவு என்பது இன்று நகரத்திற்கு மட்டுமே உரிய செய்தி அன்று. உப்பளத்தை நம்பி வாழும் எங்கள் மரக்காணம் பகுதியிலும் அது உண்டு. வழக்கு முடிந்ததும் பெரியவர்கள் அவரவர் வழியே போய்விடுகின்றனர். பிள்ளை எங்கே வளர்வது என்னும் கேள்வி மட்டும் முடிவதில்லை. அதற்குச் சட்டம் தரும் விடையை இங்குக் காண்போம்.

இதைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவன் என் சிற்றன்னையின் மகன். அவனுக்கு வயது 15. ஏழு வயதில் பெற்றோர் பிரிந்தபோது, அவன் தந்தையிடம் இருக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தந்தை உப்பளத் தொழிலாளி. உப்பு விளையும் காலத்தில் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடுவார். ஐப்பசி மழையில் அளம் மூழ்கினால் வேலை தேடி வெளியூர் செல்வார். பையன் தனியே சமைத்து உண்டு பள்ளிக்குப் போவான். தாய் திண்டிவனத்தில் தையல் வேலை செய்கிறார். "அண்ணா, அம்மாகிட்ட இருக்கேன்னு நான் சொன்னா கோர்ட்டுல கேப்பாங்களா? அப்பா மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லையே!" என்றான் அவன்.

முதற்கண், ஒருமுறை தீர்ப்பானதை மாற்ற இயலுமா? இயலும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவு, பிள்ளையின் பொறுப்பைப் பற்றிய ஆணையை அவ்வப்போது மாற்றும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அளிக்கிறது. கூடுமானவரை பிள்ளையின் விருப்பத்திற்கு இசையவே ஆணை அமையவேண்டும் என்றும் கூறுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973இல் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. இத்தகைய ஆணைகள் இயல்பிலேயே இறுதியானவை அல்ல. சூழ்நிலை மாறினால், பிள்ளையின் நலனுக்கு அது தேவை என்று மெய்ப்பித்தால், மாற்றலாம். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் பிள்ளை சொன்னாலே போதுமா? போதாது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17ஆம் பிரிவு, அறிந்து விரும்பும் அளவுக்கு வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. இத்தனை வயது என்று அது வரையறுக்கவில்லை. நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதுண்டு. யாரேனும் சொல்லிக்கொடுத்த பேச்சா, புதுச் சைக்கிளுக்கு ஆசைப்பட்ட பேச்சா, படிப்பும் பாதுகாப்பும் எண்ணிய பேச்சா என்று அவர் எடைபோடுவார். விருப்பம் ஒரு சான்று. முடிவைத் தீர்மானிப்பது நலனே. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொள்கிறது.

இனி, செய்முறை. பெற்றோர் இருவரும் மனமொத்தால் வழி எளிது. ஆயினும் மாற்றத்தை நீதிமன்ற ஆணையாகப் பெற்றுக்கொள்வதே நன்று. ஒத்துவராவிடில், பிள்ளையைப் பெற விரும்பும் தாயோ தந்தையோ மனுச் செய்யவேண்டும். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனுச் செய்யலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே எனத் தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராது இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் ஆணை வருமுன் பிள்ளை தானே மூட்டை கட்டிப் பேருந்து ஏறிவிடுதல் கூடாது. அது தாயின் வழக்குக்கே ஊறாக முடியலாம்.

18 வயது நிறைந்தால் இவ்வழக்குக்கே இடமில்லை, எங்கும் வாழலாம். ஆனால் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையேதான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வருகின்றன. அந்த மூன்றாண்டு ஒரு வாழ்வின் திசையையே மாற்றவல்லது அன்றோ?

பிள்ளை தாயிடம் போக விரும்புவது தந்தைக்கு எதிரான தீர்ப்பு அன்று. இடம் மாறினாலும் தந்தை வந்து காணவும், விடுமுறையில் உடன் வைத்துக்கொள்ளவும் நீதிமன்றம் வழிசெய்ய முடியும். ஆகவே, இத்தகைய பிள்ளை நம் வகுப்பிலோ தெருவிலோ இருப்பின், "யார் நல்லவர்?" என்று கேளாதிருப்போம், "உனக்கு எது நல்லது?" என்று கேட்போம்.