பழைய கோவா: கைவிடப்பட்ட தலைநகரும் அதன் தேவாலயங்களும்

பழைய கோவா என்பது கோவா மாநிலத்தில் மண்டோவி ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூர். மாநிலத் தலைநகரான பனாஜிக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் மக்காவு வரை பரவியிருந்த போர்த்துக்கேயக் கீழைப் பேரரசுக்கு 1530 முதல் இவ்வூரே தலைநகர். ஒரு காலத்தில் 'கிழக்கின் ரோம்' என்று அழைக்கப்பட்ட இந்நகரில் இன்று எஞ்சியிருப்பவை சில தேவாலயங்கள், ஒரு கன்னியர் மடம், இடிந்த கோபுரம் ஒன்று, சில வாயில்கள் ஆகியவையே. வீடுகள், கடைவீதிகள், அரண்மனை எல்லாம் மறைந்துவிட்டன. 'கோவாவின் தேவாலயங்களும் மடங்களும்' என்ற பெயரில் 1986 இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெயர்க் குழப்பம்

போர்த்துக்கேய மொழியில் இவ்வூரின் பெயர் 'வெல்ஹா கோவா'. 'கோவா வெல்ஹா' என்று இன்னோர் ஊரும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. கோவா வெல்ஹா, பனாஜியிலிருந்து மட்காவ் செல்லும் சாலையில், சுவாரி ஆற்றங்கரைப் பக்கம் உள்ளது. கடம்ப மன்னர்களின் தலைநகரான கோபகப்பட்டணம் அங்குதான் இருந்தது. தேவாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பேருந்தில் ஏறும் முன் எந்தக் கோவா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

சுவாரி ஆற்றுத் துறைமுகம் மண்மூடித் தூர்ந்த பிறகு, 15ஆம் நூற்றாண்டில் மண்டோவிக் கரையில் புதிய துறைமுகம் வளர்ந்தது. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த குதிரைகள் இங்கே இறங்கி விஜயநகரத்துக்கும் தக்காணச் சுல்தான்களுக்கும் விற்பனையாகின. பிஜப்பூர் அடில் ஷாவின் இரண்டாம் தலைநகர் போலவே இது விளங்கியது. ஆகவே போர்த்துக்கேயர் வெறுங்காட்டில் நகரம் அமைக்கவில்லை. செழித்திருந்த ஒரு துறைமுகத்தைக் கைப்பற்றினர். அடில் ஷா அரண்மனையின் கருங்கல் வாயில் ஒன்று தூய கயத்தான் தேவாலயத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. பெரும்பாலான பயணிகள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

1510

அபோன்சோ டி அல்புகெர்க்கே இந்நகரை 1510 இல் இரண்டு முறை பிடித்தார். ஆண்டின் தொடக்கத்தில் பிடித்ததை மே மாதம் அடில் ஷாவின் படையிடம் இழந்தார். மீண்டும் வந்து நவம்பர் 25 அன்று கைப்பற்றினார். அவருக்கு உதவியவர்களில் முக்கியமானவர் திம்மய்யா என்ற உள்ளூர்த் தலைவர். அடில் ஷாவை விரட்ட அந்நியனைத் துணைக்கழைத்தார். அந்நியன் 450 ஆண்டுகள் தங்கிவிட்டான். நகரிலிருந்த முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதை அல்புகெர்க்கே தம் மன்னருக்கு எழுதிய கடிதத்திலேயே தெரிவித்திருக்கிறார்.

நவம்பர் 25 தூய கத்தரீனம்மாளின் திருநாள். எனவே முதலில் எழுந்த சிற்றாலயமும், பின்னர் எழுந்த மறைமாவட்டத் தலைமை ஆலயமும் அந்தப் புனிதையின் பெயரையே பெற்றன. தேவாலயத்தின் பெயரே ஒரு போர் வெற்றியின் நினைவாக இருப்பதை வரலாற்று மாணவர்கள் மறக்கக் கூடாது.

1540 முதல் கோவாத் தீவிலிருந்த இந்துக் கோயில்கள் இடிக்கப்பட்டன. 1560 களில் அண்டைப் பகுதிகளுக்கும் இது பரவியது. மக்கள் தெய்வத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு போர்த்துக்கேய எல்லைக்கு அப்பால் சென்றனர். இன்று பிரியோலில் உள்ள மங்கேஷி கோயில் அவ்வாறு 1560 இல் குடிபெயர்ந்ததுதான். அதே ஆண்டு மத விசாரணை மன்றம் இந்நகரில் அமைக்கப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக அது 1812 வரை இயங்கியது. இந்திய மூலிகைகளைப் பற்றிய உரையாடல் நூலை 1563 இல் இங்கேயே அச்சிட்டு வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568 இல் இறந்தார். அவர் யூத சமயத்தை மறைவாகக் கைக்கொண்டவர் என்று தீர்ப்பளித்து, 1580 இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

தமிழ்நாட்டுடன் உள்ள தொடர்பு

பழைய கோவா நமக்கு எட்டாத ஊர் அல்ல. 1542 மே 6 அன்று கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டே முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற வந்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு அருகிலுள்ள தீவொன்றில் இறந்தார். உடல் முதலில் மலாக்காவுக்கும், பிறகு 1554 இல் கோவாவுக்கும் கொண்டுவரப்பட்டது.

இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் 1556 இல் இந்நகரின் தூய பவுல் கல்லூரியில் அமைந்தது. அபிசீனியாவுக்கு அனுப்பப்பட்ட பொறி வழியில் இங்கேயே தங்கிவிட்டது என்பர். தமிழ் எழுத்துகள் 1577 இல் கோவாவில் யோவான் கொன்சால்வஸ் என்ற இயேசு சபைச் சகோதரரால் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தில் அச்சான என்றீக்கே என்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. கோவாவில் வார்த்த எழுத்தின் மாதிரியும் கொல்லத்தில் வார்த்த எழுத்தின் மாதிரியும் அந்நூலிலேயே காட்டப்பட்டுள்ளன. இத்தனையும் நடந்த தூய பவுல் கல்லூரியில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு முகப்பு வாயில் மட்டும்.

மதுரை மறைப்பணியின் தலைவிதியும் ஒரு முறை இந்நகரில் விவாதிக்கப்பட்டது. காவி உடுத்து, பூணூலும் குடுமியும் தடையில்லை என்று கற்பித்த இராபர்ட் தே நொபிலியின் முறை சரியா என்பதை ஆராய 1619 இல் கோவாவில் கூட்டம் கூடியது. கோவாப் பேராயர் எதிர்த்தார். 1623 இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக முடிவு செய்தார். திண்டுக்கல் வட்டாரக் கத்தோலிக்கர்களின் முன்னோர் அந்த மதுரைப் பணியின் வழி வந்தவர்கள் என்பதால் இதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நகரம் ஏன் அழிந்தது?

'அரசு தலைநகரை மாற்றியது, ஊர் அழிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவது. 1790 களில் திண்டுக்கல் ஆங்கிலேயரின் வசமானதும் இங்கேதான் கலெக்டர் இருந்தார். தலைமையிடம் பின்னர் மதுரைக்குப் போயிற்று. ஆனால் திண்டுக்கல் காலியாகவில்லை. பூட்டும் தோலும் புகையிலையும் ஊரைக் காத்தன. பழைய கோவாவில் நடந்தது வேறு. அங்கே மக்கள் முதலில் போனார்கள். அரசு பின்னால் போனது.

முதற்காரணம் நோய். 1543 லேயே கடும் வாந்திபேதி பரவியதைப் போர்த்துக்கேய எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். பிறகு மலேரியாவும் பிற காய்ச்சல்களும் திரும்பத் திரும்ப வந்தன. ஊர் அமைந்த இடம் தாழ்வானது, சுற்றிலும் சதுப்பு. அடியில் இருப்பது செம்புரைக்கல். இது நீரை எளிதில் கசியவிடும். வீட்டுக் கழிவுக்குழியில் விழுவது மெல்ல இறங்கி அடுத்த வீட்டுக் கிணற்றில் கலந்துவிடும். வசதியுள்ளவர்கள் ஊருக்கு வெளியேயுள்ள பாங்கெனிம் ஊற்றிலிருந்து குடிநீர் வரவழைத்தார்கள். மற்றவர்கள் கிணற்று நீரையே குடித்தார்கள். மக்கள் குறையக் குறைய வெற்று வீடுகளும் தூர்ந்த குளங்களும் பெருகி, கொசு மேலும் பெருகியது. நகரம் தன் நோயைத் தானே வளர்த்துக்கொண்டது.

இரண்டாவது, வணிகம். 1565 இல் விஜயநகரம் வீழ்ந்ததும் குதிரை வணிகத்தின் பெரிய வாடிக்கையாளர் மறைந்தார். டச்சுக்காரர்கள் மண்டோவி முகத்துவாரத்தைப் பலமுறை அடைத்தனர். 1641 இல் மலாக்காவும், 1658 இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும், 1663 இல் கொச்சியும் அவர்கள் கைக்குச் சென்றன. பேரரசு சுருங்க, தலைநகருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1683 இல் மராட்டிய மன்னர் சம்பாஜி நகரை நெருங்கினார். அப்போதைய அரசப்பிரதிநிதி சவேரியாரின் கல்லறைக்குச் சென்று தம் ஆட்சிக்கோலை அவர் கையில் வைத்து வேண்டினார் என்று சொல்வார்கள். முகலாயப் படை வந்த செய்தி கேட்டு சம்பாஜி திரும்பினார். இதன்பின் தலைநகரை மோர்முகாவுக்கு மாற்றத் திட்டமிட்டுக் கட்டுமானமும் தொடங்கி, பாதியில் நின்றது. 1695 இல் அரசப்பிரதிநிதி பனேலிமுக்குக் குடிபெயர்ந்தார். 1759 இல் பனாஜிக்கு. 1695 இல் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த மக்கள்தொகை 1775 இல் 1,600 ஆகக் குறைந்துவிட்டது. (உச்சகாலத்தில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்ததாக எங்கும் எழுதப்படுகிறது. அது மிகைக் கணக்காகவே தோன்றுகிறது.) 1843 இல் அரச ஆணை பனாஜியை முறைப்படி தலைநகராக அறிவித்தபோது, பழைய கோவா இறந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. இடிந்த கட்டடங்களின் கற்கள் பனாஜியில் புது வீடுகளுக்குப் பயன்பட்டன.

மக்கள் போன பிறகும் துறவியர் இருந்தனர். 1834 இல் போர்ச்சுகல் அரசு துறவு சபைகளைக் கலைத்தது. 1835 இல் அந்த ஆணை கோவாவில் நிறைவேறியது. மடங்கள் பூட்டப்பட்டன. கூரையில் ஓடு மாற்ற ஆளில்லாத கட்டடம் கோவாவின் பருவமழையில் எத்தனை ஆண்டு தாங்கும்? எந்த ஆலயம் பங்கு ஆலயமாகவோ பேராயரின் பொறுப்பிலோ இருந்ததோ அது பிழைத்தது. துறவு சபையை மட்டும் நம்பியிருந்தவற்றில் பல விழுந்தன.

எஞ்சிய ஆலயங்கள்

தூய அகுஸ்தினார் ஆலயம் இதற்கு நேரடிச் சான்று. 1602 இல் கட்டி முடிக்கப்பட்ட இது 1835 இல் கைவிடப்பட்டது. 1842 இல் வளைகூரை இடிந்து விழுந்தது. 1931 இல் முகப்பின் ஒரு பகுதி சரிந்தது. 46 மீட்டர் உயரக் கோபுரத்தில் பாதிதான் இப்போது நிற்கிறது. அதன் மணி 1871 இல் பனாஜியின் அமலோற்பவ மாதா ஆலயத்துக்குச் சென்று இன்றும் ஒலிக்கிறது. இந்த இடிபாட்டில் இன்னொரு செய்தி புதைந்திருந்தது. சமயம் மாற மறுத்ததால் 1624 இல் பாரசீகத்தின் ஷிராசில் கொல்லப்பட்ட ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தவானின் திருப்பண்டத்தை அகுஸ்தினார் சபையினர் 1627 இல் இங்குக் கொணர்ந்ததாகப் பழைய ஆவணங்கள் கூறின. இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வில் கிடைத்த எலும்பை ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையம் மரபணு ஆய்வு செய்து, அது அரசியுடையதாக இருக்கலாம் என்று கண்டது. 2021 ஜூலையில் அதன் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவுக்கு அளித்தது. கட்டாய மதமாற்றத்துக்கு உட்படாமல் உயிர்விட்ட ஓர் அரசியின் எலும்பு, மத விசாரணை மன்றம் இயங்கிய நகரில் வணங்கப்பட்டு வந்திருக்கிறது.

தூய கத்தரீனம்மாள் தலைமை ஆலயம் 1562 இல் தொடங்கி 1619 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்று. இரண்டு மணிக்கோபுரங்களில் ஒன்று 1776 இல் விழுந்தது, பிறகு கட்டப்படவில்லை. எஞ்சிய கோபுரத்திலுள்ள மணி அதன் ஓசை வளத்தால் 'தங்கமணி' எனப்படுகிறது. அருகிலேயே தூய பிரான்சிஸ் அசிசியார் ஆலயம் உள்ளது. அதன் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். ஒட்டியுள்ள மடத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. தூய கயத்தான் ஆலயம் ரோமின் தூய பேதுரு பேராலயத்தின் அமைப்பைப் பின்பற்றிக் குவிமாடத்துடன் கட்டப்பட்டது. மோன்தே சாந்தோ குன்றின் மேலுள்ள செபமாலை மாதா ஆலயம் இருப்பவற்றில் மிகப் பழையது. அங்கிருந்துதான் அல்புகெர்க்கே போரை மேற்பார்த்தார் என்பர்.

எல்லோரும் தேடிப் போவது போம் இயேசு பேராலயத்தை. 1594 இல் தொடங்கி 1605 இல் அர்ச்சிக்கப்பட்டது. சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் இங்கே உள்ளது. பேழை 1637 இல் கோவாப் பொற்கொல்லர்கள் செய்தது. அதைத் தாங்கும் பளிங்கு மேடை தஸ்கனிப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அளித்தது, சிற்பி போகினியின் வேலை, 1698 இல் நிறுவப்பட்டது. பத்தாண்டுக்கு ஒரு முறை உடல் மக்கள் பார்வைக்குக் கொண்டுவரப்படும்; அண்மையில் 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. டிசம்பர் 3 திருநாளுக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்தும் பலர் செல்கிறார்கள்.

இப்பேராலயத்தின் சிவந்த கல்முகம் படங்களில் அழகாக இருக்கும். ஆனால் அது கட்டியவர்கள் கொடுத்த முகம் அன்று. முதலில் சுவர் முழுவதும் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டிருந்தது. 1950 களில் பழமைத் தோற்றம் வேண்டும் என்று போர்த்துக்கேயக் கட்டடக் கலைஞர் ஒருவரின் யோசனையால் காரை உரிக்கப்பட்டது. ஊரின் கிணறுகளைக் கெடுத்த அதே செம்புரைக்கல் இப்போது மழைநீரைக் குடித்து உதிர்கிறது. மீண்டும் காரை பூச வேண்டும் என்று பேராலயத்தின் பொறுப்பாளர்கள் கேட்டு வருகிறார்கள். மக்களுக்குப் பழகிப்போன சிவப்பு முகம் போய்விடுமே என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பாட்டன்மார் கோயில் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் ஆண்டுதோறும் சுண்ணாம்படித்தது வெறும் அழகுக்காக அல்ல.