மாடியில் மூங்கில் தட்டியா? ஒயர் உஷார்!

திருவண்ணாமலை: அக்னி நட்சத்திரம் வந்தால் இங்கே மலைப்பாறையே கொதிக்கும். வராந்தா கூரைக்கு அடியிலும் தோட்டத்துச் சுவரிலும் மூங்கில் தட்டி கட்டினால் குளுகுளுதான்!

ஆனால் தட்டியைச் சுவரோடு ஒட்டி அடித்தால் மழை ஈரம் தங்கி மக்கிவிடும். ரீப்பர் கட்டை அடித்து, 2 விரல் இடைவெளி விட்டுக் கம்பியால் கட்டணும். கீழே மாவு கொட்டுதா? வண்டு புகுந்தாச்சுன்னு அர்த்தம்.

அதைவிட ஆபத்து, தட்டிக்குள் ஒயரைச் செருகி பல்பு மாட்டுவது. 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்து மாடிப் பந்தலில் மின்சாரப் பொறி பட்டுத் தீ! மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் பலி. அது கீற்று, காய்ந்த மூங்கிலும் லேசுப்பட்டதல்ல.

ஒயரைக் குழாய்க்குள் விட்டு, தட்டியைத் தொடாமல் கொண்டு போங்க. கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கையும் தட்டி ஓரம் வைக்காதீங்க.