நாலடி இடத்திலும் ஒரு கொல்லை வைக்கலாம்



"நமக்கு எங்கங்க இடம் இருக்கு? வாசலைத் தாண்டினா ரோடு. பின்னால சுவரைத் தாண்டினா அடுத்த வீடு. இதுல எங்க கீரை போடுறது?" வீட்டுத் தோட்டம் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர், மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தார். மூன்றாவது மாடி வீடு. துணி காயப்போட ஒரு பால்கனி. நாலடி அகலம், எட்டடி நீளம். எதிர்வீட்டில் அதே அளவு பால்கனி. அங்கே அந்த வீட்டுப் பெண் பழைய டப்பாவிலும் உடைந்த பக்கெட்டிலும் கீரை, புதினா, மிளகாய் வைத்திருந்தாராம். "நெல்லு விளையிற ஊர்லேருந்து போன நான், மூணாவது மாடியில இருக்கிறவங்ககிட்ட வெந்தயக்கீரை வாங்கிக் குழம்பு வெச்சேன்" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தோம்.

கொல்லை எங்கே போச்சு?

கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் பகுதி நம்முடையது. சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நம் பாட்டி காலத்தில் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. கொல்லையில் முருங்கை, பசலை, கத்தரி, கிணற்றடி வாழை எல்லாம் இருந்தன. பாகப்பிரிவினையிலும் புது வீடு கட்டியதிலும் கொல்லை சுருங்கி, பல வீடுகளில் இல்லாமலே போய்விட்டது. இப்போது கீரையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். காசு இல்லாத வாரம் கீரை இல்லை. குழம்பு, ரசம், சோறு என்று பொழுது போய்விடுகிறது.

இதன் பலன் நம் உடம்பில் தெரிகிறது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நடவுக்குப் போனால் தலை சுற்றுகிறது என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை விடக்கூடாது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் தட்டில் கீரை இருந்தால் அது பெரிய உதவி.

இடமில்லாதவர்கள் இப்படிச் செய்வது புதுசும் இல்லை. 1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது, அதை நம்பியிருந்த கியூபா நாட்டுக்கு உணவு, உரம், டீசல் வரத்து பெரிதும் குறைந்தது. தலைநகரம் ஹவானாவில் ஜனங்கள் காலி மனை, மொட்டை மாடி, பால்கனி எதையும் விடாமல் காய்கறி போட்டார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

முதலில் இடத்தைப் பாருங்க

மாடி வீட்டு பால்கனியோ, தொகுப்பு வீட்டு மொட்டை மாடியோ, வாசல் திண்ணையோ, எதுவானாலும் சரி. ஒரு நாள் முழுக்கக் கவனியுங்க. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?

5 மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை வரும். 3, 4 மணி நேரம்தான் என்றால் கீரையும் கொத்தமல்லியும் போதும். அதற்கும் குறைவாக இருந்தால் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலைக் கொடி வையுங்க.

அடுத்தது பாரம். நனைந்த மண் நிறைந்த ஒரு சிமெண்ட் சாக்கு 50 கிலோவுக்குக் குறையாது. ஆகவே கனமான பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் இருக்கும் ஓரமாக வையுங்க. சன்ஷேடு மேலும், ஓடு அல்லது ஷீட் கூரை மேலும் வேண்டவே வேண்டாம். தளத்தில் ஏற்கெனவே ஒழுகல் இருந்தால் அதைச் சரி செய்த பிறகே தொட்டி ஏற்றணும். எந்தத் தொட்டியையும் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது, தளமும் ஈரம் ஊறாது.

பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பது ஆபத்து. காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் தலை. வைத்தே ஆகணும் என்றால் கம்பியின் உட்பக்கம் கட்டித் தொங்கவிடுங்க. குழந்தை ஏறி எட்டிப் பார்க்கிற உயரத்தில் எதையும் அடுக்காதீங்க.

எதில் வளர்ப்பது?

கடையில் தொட்டி வாங்கணும் என்றில்லை. ஓட்டைக் குடம், பழைய பிளாஸ்டிக் கூடை, எண்ணெய் டின், அரிசிச் சாக்கு எல்லாமே தொட்டிதான். பூச்சி மருந்து, பெயிண்ட் வந்த டப்பா மட்டும் கூடாது. அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, அதன் மேல் ஓட்டுச் சில்லு வையுங்க. கீரைக்கு அரையடி ஆழம் போதும். கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடி வேணும். அவரை, பசலை மாதிரிக் கொடிக்கு ஒன்றரை அடி இருந்தால் நல்லது.

மண்ணில்தான் நாங்கள் ஏமாந்தோம்

முதல் தடவை வயல் களிமண்ணை அப்படியே சாக்கில் நிரப்பினோம். "நெல்லே விளையுற மண்ணு, கீரை விளையாதா?" என்ற நினைப்புதான். வெயிலில் அது செங்கல் மாதிரி இறுகிப்போனது. மழையில் தண்ணீர் வடியாமல் வேர் அழுகியது. முளைத்த கத்தரி பாதிக்கு மேல் போய்விட்டது. வயலில் வேர் ஓட இடம் இருக்கிறது, சாக்கில் இல்லை. இதுதான் வித்தியாசம்.

சரியான கலவை இது:

• செம்மண் அல்லது ஆற்றோர வண்டல் - 1 பங்கு
• நன்றாக மக்கிய தொழு உரம் - 1 பங்கு
• மக்கிய தேங்காய் நார்க் கழிவு - 1 பங்கு

நார்க் கழிவு கிடைக்காவிட்டால் ரைஸ் மில் உமியைக் கருக்கிச் சேர்க்கலாம். உமி சாம்பலாகாமல் கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிடணும். இதனால் மண் பொலபொலவென்று இருக்கும், பாரமும் குறையும். நார்க் கட்டியைப் புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்து அலசி, உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்க. கலவையை நிரப்பியதும் பத்து நாள் தண்ணீர் தெளித்து வைத்து, பிறகு விதை போடுங்க.

ஐந்து தொட்டியில் தொடங்குங்க

ஆசையில் இருபது தொட்டி வைத்தால் ஒரு மாதத்தில் சலிப்பு வந்துவிடும். முதலில் ஐந்து போதும்.

1. வெந்தயக்கீரை: அடுப்படி வெந்தயத்தையே ஊறவைத்துத் தூவலாம். மூன்று வாரத்தில் பறிக்கலாம்.
2. சிறுகீரை: 25 நாளில் வேரோடு பிடுங்கலாம்.
3. அரைக்கீரை: வேரோடு பிடுங்காமல் நறுக்கி நறுக்கி எடுத்தால் பல மாதம் தழைக்கும்.
4. பொன்னாங்கண்ணி அல்லது புதினா: விதையே வேண்டாம். ஒரு கட்டு வாங்கும்போது முற்றிய தண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும்.
5. மிளகாய்: இரண்டு செடி. சின்னக் குடும்பத்துக்குக் கைச்செலவு பெருமளவு குறையும்.

சிறுகீரையையும் வெந்தயத்தையும் மொத்தமாகத் தூவாதீங்க. தொட்டியைப் பிரித்து வாரம் ஒரு பகுதி விதைத்தால் வாரம் ஒரு தடவை பறிக்கலாம். ஒரு கட்டுக் கீரை 15 ரூபாய் என்று வைத்தால், வாரம் இரண்டு கட்டு மிச்சமானாலும் மாதம் 120 ரூபாய். அது நம் சேமிப்பில் சேரட்டும். எல்லாக் காய்கறியும் இதிலேயே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் தொடங்க ஏற்ற காலம். சித்திரை, வைகாசி வெயிலில் புதிதாகத் தொடங்க வேண்டாம். இருக்கிற செடிக்கு அப்போது பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடுங்க. மண் மேல் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும்.

சமைத்த கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைந்துபோகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிங்க.

தண்ணியும் பூச்சியும்

விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் ஊற்றுங்க, ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்க. அரிசி, காய்கறி கழுவின தண்ணீர் நல்லது. சோப்புத் தண்ணீர் கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்க விடாதீங்க. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்.

இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளியுங்க. வாயில் போடுகிற கீரைக்குக் கடை விஷ மருந்து வேண்டவே வேண்டாம்.

அழகும் வேணும்ல?

வயிற்றுக்கு மட்டுமா தோட்டம்? வேலை முடிந்து வந்து உட்கார ஒரு குளிர்ந்த மூலை நமக்கும் வேணும். காசு செலவில்லாமல் செய்யலாம். கோயில் மதில் மாதிரி, பழைய டின்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடியுங்க. எத்தனை விதமான டப்பாவானாலும் ஒரே வரிசையாக, லட்சணமாகத் தெரியும். வெயில் அடிக்கிற பக்கம் கயிறு கட்டிப் பசலையோ நித்தியமல்லியோ ஏற்றினால் திரையும் ஆச்சு, நிழலும் ஆச்சு. ஒரு தொட்டி கனகாம்பரம், ஒரு துளசி. உயரமான செடி பின்னால், குட்டைச் செடி முன்னால். நடக்க இரண்டடி வழி விடுங்க. மண் தொட்டி வாங்குவதானால் நம் ஊர் மண்பாண்டத் தொழிலாளரிடமே வாங்குங்க. அந்தக் குடும்பத்துக்கும் நாலு காசு போகும்.

அரசு உதவி

மாடித் தோட்டத்துக்கு மானியம் தரும் திட்டத்தை அரசு 2013-14ல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. 2021ல் வந்த திட்டத்தில் ஆறு பை, நார்க் கட்டி, விதை, உயிர் உரம் அடங்கிய தளை 225 ரூபாய்க்கும், கிராமப்புறத்துக்கு 12 வகை விதை 15 ரூபாய்க்கும் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கி, காய்கறி விதை, பழச்செடி, பயறு விதைத் தொகுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். விலையும் மானியமும் வருடத்துக்கு வருடம் மாறும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஆதார் அட்டையோடு போய்க் கேளுங்க, அல்லது பிள்ளைகளிடம் சொல்லி உழவன் செயலியில் பார்க்கச் சொல்லுங்க. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கமாகச் சேர்ந்து போவோம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். கடன் வாங்கித் தொடங்குகிற வேலை இது இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பிடி விதையோ, ஒரு புதினாத் தண்டோ, ஒரு பசலைக் கொடியோ கொண்டு வாங்க. பாஸ்புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அதையும் மாற்றிக்கொள்வோம். வீட்டுக்குத் திரும்பும்போது ஐந்து தொட்டிக்கும் செடி கிடைத்துவிடும்.