பெட்டியில் நனைந்த துணி

ஐப்பசி பிறந்துவிட்டால் கீழ்வேளூர்ப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்களுக்குத் தூக்கம் கிடையாது. தீபாவளி ஜாக்கெட், பாவாடை, சுடிதார் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவியும். வடகிழக்குப் பருவமழையும் அதே நாட்களில்தான் இறங்கும். வெட்டாத துணி, வெட்டிய துண்டு, லைனிங், ஃபால்ஸ், போன வருஷத்து மிச்சம் என்று சகலமும் பரண்மேல் டிரங்குப் பெட்டியிலோ கட்டிலடியில் மூட்டையாகவோ கிடக்கும். ஒரு ஓடு விலகியிருந்தால் போதும். தளம் போட்ட வீடென்றாலும் மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் விரிசல் வழியே சொட்டும். இரவெல்லாம் சொட்டியது காலையில்தான் தெரியவரும். சில வீடுகளில் மூன்றாம் நாள் வாடை அடித்த பிறகே தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடும் தகரமும் பறந்த வீடுகளில் துணிமணி மொத்தமும் நனைந்தது. பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஃபேன் ஓடாது, அயர்ன் பாக்ஸ் சூடேறாது. அந்த அளவு நாசத்தில் எதையும் மீட்பது பெரும்பாடு. சாதாரண ஒழுகல் அப்படியல்ல. அதில் நனைந்த துணியை அநேகமாக முழுவதுமே காப்பாற்றிவிடலாம். துணி வாழ்நாளெல்லாம் தண்ணீரில் முங்கி எழுகிற பொருள்தான். ஈரத்தோடு மடித்தபடி கிடக்கிற மணிநேரங்கள்தான் அதைக் கெடுக்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்வது, பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் தானே விளங்கும்.

மதியம் வடித்த சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சூடும் ஈரமுமாக மூடிபோட்டு வைத்தால் ராத்திரிக்குள் ஊசிப்போகும், தொட்டால் நூல்விடும். அதே சோற்றைத் தட்டில் பரப்பிவிட்டால் காய்ந்து விறைக்குமே தவிர ஊசாது. தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சோறு ஒன்றுதான், வைத்த விதத்தில் நான்கு கதி. பெட்டிக்குள் நனைந்த துணிக்கும் இந்த நான்கு கதிகள்தான் உண்டு.

இதை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. அரிசியின் மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோஸும் குளுகோஸ் என்கிற ஒரே சர்க்கரையைக் கோத்துக் கட்டிய சங்கிலிகள். கோத்த விதம் மட்டும் வேறு. அதனால் நம் வயிற்றுக்கு அரிசி செரிக்கும், பஞ்சு செரிக்காது. பூஞ்சைக்கோ இரண்டும் செரிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளின் ஈரத்தில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கி விழுந்தன. காரணத்தைத் தேடியவர்கள் அங்கே பிடித்த பூஞ்சைக்குப் பின்னாளில் ஆய்வாளர் எல்வின் ரீஸின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். அது சுரக்கும் நொதி செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அந்த நொதி இன்று ஜீன்ஸ் துணியை மிருதுவாக்கும் ஆலைகளில் வேலை செய்கிறது.

நம் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் துவைக்காத புதுத் துணி. அதில் நெய்வதற்காகப் பாவுக்குப் போட்ட கஞ்சியும், கடையில் விறைப்பாக நிற்பதற்காக ஏற்றிய கஞ்சியும் இருக்கும். பூஞ்சை முதலில் அதைத் தின்னும், பிறகு நூலுக்கு வரும். பலமுறை துவைத்த பழைய வேட்டி தப்பித்து, பக்கத்தில் இருந்த புது ஜாக்கெட் பிட் புள்ளி விழுந்து போவதற்கு இதுதான் காரணம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பிடிக்காது என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. நம் ஊர் ஐப்பசிப் புழுக்கத்தில் நான் 24 மணியை மட்டுமே நம்புவேன்.

ஆகவே முதல் வேலை துவைப்பதல்ல, பிரிப்பது. மேல் துணி காய்ந்திருக்கிறதே என்று பெட்டியை மூடிவிடாதீர்கள். நூலிழைகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைத் தாமே இழுத்துக்கொண்டு போகும். ஒரு மூலையில் சொட்டியது அடி மடிப்பு வரை போயிருக்கும். ஒவ்வொரு துணியையும் ஒற்றையாக விரித்துக் கொடியிலோ பாயிலோ போடுங்கள். பிரிக்கும்போதே வெள்ளையும் வெளிர் நிறமும் ஒரு பக்கம், சிவப்பு, மெரூன், கரும்பச்சை, அடர்நீலம் இன்னொரு பக்கம் என்று விலக்குங்கள். வாடிக்கையாளர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு நனைந்திருந்தால் உடனே இன்னொன்று எழுதி ஊக்கில் மாட்டாமல் நூலால் கட்டிவிடுங்கள். ஈரத் துணியில் ஊக்கு ஒரே இரவில் துரு ஏற்றும்.

அன்றே எல்லாவற்றையும் விரிக்க இடமில்லையா? அரைகுறை ஈரத்தோடு குவித்து வைப்பதைவிட, சாயம் போகாத பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வைப்பது மேல். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்குள் அது தழைக்காது. ஆனால் மறுநாள் காலையில் எடுத்தே ஆகவேண்டும், விட்டால் புளிப்பு வாடை ஏறும். எம்பிராய்டரி போட்ட பட்டுத் துண்டு மாதிரி விலை கூடிய சின்னத் துணியைப் பாலிதீன் கவரில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக நூலகத்துக்குள் புகுந்தபோது, நனைந்த புத்தகங்களை உறையவைத்துத்தான் அவகாசம் எடுத்துக்கொண்டார்கள். உறைநிலையில் பூஞ்சை சாகாது, வளராமல் நிற்கும். அது போதும்.

ஒழுகல் தண்ணீர் ஓட்டுத் தூசியும் சுண்ணாம்பும் பாசியும் கரைந்த தண்ணீர். அது அப்படியே காய்ந்தால் ஓரம் கட்டிய பழுப்புக் கறையாக நிற்கும். அதனால் காய்வதற்குள் அலசிவிட வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்வேன். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று வாளியில் ஒரு கை உப்பைப் போடுவோம். சாயப்பட்டறையில் உப்பு சேர்ப்பது தண்ணீரிலுள்ள சாயத்தைப் பருத்திக்குள் தள்ளுவதற்காக. பல துணி கிடக்கிற வாளியில் அதே உப்பு, சிவப்பில் கழன்ற சாயத்தைப் பக்கத்து வெள்ளைக்குள் தள்ளும். கடலோரத்துக்கு நெருங்கிய ஊர்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு. கடைசி அலசலையாவது குழாயில் வரும் குடிநீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சாயம் ஏறிவிட்ட துணியைக் காயவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். ஈரமாக இருக்கிறவரை அந்தச் சாயம் பாதி விருந்தாளிதான். பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து, நீர் தெளியும் வரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் பெரும்பகுதி கழன்றுவிடும்.

இனி உலர்த்துவது. மழைக்காலத்தில் தோற்பது இந்த இடத்தில்தான். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். பட்டு சுமார் 11, பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. டெரிகாட்டன் சட்டைத் துணி மத்தியானத்துக்குள் காய்ந்து, பாப்ளின் இரண்டு நாள் இழுப்பது இதனால்தான். அடைமழையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது துணியை ஒட்டியுள்ள காற்றுப்படலம் சீக்கிரம் நிரம்பிப்போகும். ஃபேன் செய்வது அந்தப் படலத்தைத் தள்ளிவிடுவதைத்தான். தள்ளிய ஈரம் வெளியேற ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதே ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அடுக்களையை மூடிக்கொண்டு உலர்த்துவது வீண் வேலை, ஆபத்தும்கூட. கேஸ் எரிந்தால் நீராவியும் உண்டாகும்.

வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டில் கேட்டு, சுழற்றிப் பிழியும் வேலையை மட்டும் அதில் செய்துகொள்ளுங்கள், பாதி நேரம் மிச்சம். பருத்தியை எப்படிப் பிழிந்தாலும் தாங்கும், நனைந்தால் அதற்கு வலு கூடுகிறது. ரேயான் நேர் எதிர். நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். நைட்டிக்கும் சுடிதாருக்கும் வாங்கிய ரேயானை முறுக்காமல் அழுத்தி மட்டும் தண்ணீரை எடுங்கள். பட்டைப் பழைய வேட்டியில் விரித்துச் சுருட்டி, வேட்டி குடிக்கிற அளவுக்கு விட்டு, நிழலில் போடுங்கள். ஜரிகை மடிப்பில் ஈரம் நின்றால் கறுக்கும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. பருத்தியை இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டு மிச்ச ஈரத்தை விரட்டுங்கள். சூட்டோடு மடித்து அடுக்கினால் மறுபடியும் மூடிபோட்ட சோற்றுப் பானைதான். ஆறிய பிறகே மடிக்க வேண்டும்.

பூஞ்சை முந்திக்கொண்டதா? துணியை வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் தட்டி உதறுங்கள். வீட்டுக்குள் உதறினால் அதன் வித்து மற்ற துணிக்கெல்லாம் பரவும். பிறகு வெள்ளைப் பருத்தியைக் கொதிநீரில் துவைக்கலாம். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்தார்களே, நீராவியில் பூஞ்சையைக் கொல்ல அதைவிடச் சிறந்த முறை வீட்டளவில் இல்லை. அந்த அறிவு நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்கு வருத்தம். வாடை போய்விடும், ஆனால் கரும்புள்ளி பல சமயம் போகாது. அந்த நிறம் நம் தலைமுடிக்கும் தோலுக்கும் கருமை தரும் மெலனின் வகையைச் சேர்ந்தது.

பெட்டியின் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். இரும்பு இருக்கும் இடத்தில் அது நூலையே அரித்து ஓட்டை போடும்.

மீண்ட துணியை உடனே வெட்டாதீர்கள். ஓரத்தைப் பிடித்துப் பாவு, ஊடு இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் கிழிந்தால் மக்கிவிட்டது, தைத்தாலும் தையலோரம் பிரியும். தாங்கினால் தாராளமாகத் தைக்கலாம். ஒரு லாபமும் உண்டு. லைனிங் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்துப் போடுவோமே, அந்த வேலையை மழை முடித்திருக்கும். துணி சுருங்கியிருக்கும் என்பதால் மறுபடி அளந்துவிட்டு வெட்டுங்கள். பசை தடவிய கேன்வாஸ், அட்டையில் சுற்றிய லேஸ், துருப்பிடித்த கொக்கி இவற்றுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

நனைந்தது அடுத்தவர் தைக்கக் கொடுத்த துணி என்றால், அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தால் வேறு துணி எடுத்துக்கொள்ள அவருக்கு வழியிருக்கும். அலசிக் காயவைத்த துணியை அவர் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தைப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.