முதுகுக்குப் பின்னே ஒரு ஸ்பீக்கர்

தொண்ணூறுகளில் நல்ல சத்தத்துக்கு ஆசைப்பட்டவர்கள் நம் ஊர்களில் முதலில் போய் நின்ற இடம் ஷோரூம் இல்லை, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் மெக்கானிக் கடைதான். "அண்ணே, ஒரு செட் போட்டுக் குடுங்க" என்று கேட்டால், "எந்த ரூம்ல வைக்கப் போற? எவ்வளவு பெருசு?" என்று அவர் திருப்பிக் கேட்பார். பட்ஜெட் அதற்குப் பிறகுதான். அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் எல்லாம் வாங்கி வருவார். சால்டரிங் புகைக்கு நடுவே ஆம்ப்ளிஃபையர் உருவாகும். சின்ன செட்டுக்கு 4440 ஐ.சி., பெரிய செட்டுக்கு 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி. பள்ளிக்கூடப் பையன்களும் மனப்பாடமாகச் சொன்ன எண்கள் அவை. பெட்டி தச்சர் கைவேலை. பிளைவுட் அல்லது நோவோபான் பலகை, உள்ளே பஞ்சு, முகப்பில் கறுப்புத் துணி.

அந்த 4440 ஐ.சி. ஸ்டீரியோவாகப் பக்கத்துக்கு 6 வாட்தான் தரும். அதே நாட்களில் கடையில் விற்ற ரெடிமேட் செட்டுகளின் முகப்பில் 1000 வாட், 2000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருக்கும். ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத்தை, காகிதத்தில் கூட்டிப் பெருக்கி எழுதிய எண் அது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். 6 வாட் செட் 1000 வாட் செட்டைவிடத் தெளிவாகப் பாடியதைக் கேட்டவர்கள், ஸ்டிக்கரை நம்பாமல் காதை நம்பக் கற்றுக்கொண்டார்கள்.

பின் ஸ்பீக்கர் நம் வீடுகளுக்குள் வந்த விதம் இன்னும் அழகானது. ஆம்ப்ளிஃபையரில் இருப்பது இரண்டே சேனல். விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கரை எடுத்து, அதன் ஒரு முனையை இடது சேனலின் பாசிட்டிவிலும் மறுமுனையை வலது சேனலின் பாசிட்டிவிலும் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவான ஒலி அந்த ஸ்பீக்கரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பாடகரின் குரல் பெரும்பாலும் நடுவில்தானே பதிவாகும்? அது முன்னாலேயே நின்றுவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்த வயலின்கள், கோரஸ், எதிரொலி மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்கும். இளையராஜாவின் ஸ்டீரியோ பாடல் ஒன்றை இப்படிக் கேட்டவர்களுக்கு அறையின் சுவர்கள் விலகிப் போனதுபோல இருக்கும். அமெரிக்க ஒலிப் பொறியாளர் டேவிட் ஹாஃப்ளரின் பெயரால் அறியப்படும் இணைப்பு இது. செலவு ஒரு ஸ்பீக்கரும் கொஞ்சம் ஒயரும்தான்.

வீடுகளுக்கான டால்பி புரோ லாஜிக் 1987இல் வந்தது. நான்கு சேனல் ஒலியை இரண்டு சேனலுக்குள் மடித்து வைத்து, கேட்கும் இடத்தில் பிரித்தெடுக்கிற முறை. இங்கே அது போர்டு வடிவில் அசெம்பிள்டு செட்டுகளுக்குள் நுழைந்தது. பின்னால் இரண்டு பெட்டி மாட்டினாலும் இரண்டிலும் வந்தது ஒரே மோனோ ஒலி. அதிலும் 7000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கும். படத்தில் மழை பெய்தால் இரைச்சல் கேட்கும். இடப்பக்கம் பெய்கிறதா வலப்பக்கமா என்று காது சொல்லாது.

பின்னாலிருந்து ஒலி கேட்கும் ஆசையை ஊதிப் பெருக்கியது தியேட்டர்தான். டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் வந்த முதல் இந்தியப் படம் என்று 1995இன் 'குருதிப்புனல்' படத்தையும், முதல் டி.டி.எஸ். படம் என்று 1996இன் 'கருப்பு ரோஜா'வையும் சொல்வார்கள். இரண்டும் தமிழ்ப் படங்கள். 1993இல் 'ஜுராசிக் பார்க்' கொண்டுவந்த டி.டி.எஸ். முறையில் டிஜிட்டல் ஒலி பிலிமில் இருக்காது. அதற்கான நேரக் குறியீடு மட்டும் ஓடும், ஒலி தனியாக சி.டி.யிலிருந்து வரும். சீக்கிரமே நம் ஊர் போஸ்டர்களில் தியேட்டர் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ/சி டி.டி.எஸ்.' என்பது பட்டப் பெயராக ஒட்டிக்கொண்டது. பின் சுவர் ஸ்பீக்கரில் வண்டி கடந்து போனால் ஜனம் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்கள் வீட்டிலும் அதைக் கேட்டார்கள்.

டி.வி.டி. அதைக் கொண்டுவந்தது. 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒரு சப் வூஃபர். பின்னால் இருந்த இரண்டும் முதன்முறையாகத் தனித்தனி ஒலி பேசின. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிளேயரோடு ஐந்து குட்டிப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே அட்டைப்பெட்டியில் கிடைத்தன. தவணையில் வாங்கலாம், கல்யாணச் சீரிலும் வைத்தார்கள். ஆனால் ஒயர் இருந்தது. ஹாலின் முன் சுவரிலிருந்து பின் சுவருக்கு ஒயர் போக வேண்டுமானால் வாசல்படியைத் தாண்ட வேண்டும், பூஜை அறை நிலையைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் கேசிங் அடிக்க வேண்டும். பெருக்கும்போது விளக்குமாறு இழுக்கும். முடிவில் பல வீடுகளில் ஐந்து பெட்டிகளும் டி.வி. ஷோகேசிலேயே வரிசையாக உட்கார்ந்தன. பின்னால் வர வேண்டிய ஒலி முன்னாலிருந்தே வந்தது. 5.1 என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று அந்தத் தலைமுறை நினைக்க இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் வாங்கியது 5.1, கேட்டது வெறும் இரைச்சல்.

இதற்கிடையில் டி.வி. இளைத்தது. சாலிடேர், டயனோரா காலத்துப் பெட்டி டி.வி.யில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்துப் பேசியது. தட்டை டி.வி.யில் அது பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ பேசுகிறது. வயதானவர்கள் வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டினார்கள், அடுத்த அறையில் படிக்கிற பிள்ளை கதவைச் சாத்தியது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் சவுண்ட்பார். ஒரே நீளப் பெட்டி, ஒரே ஒயர். பின் ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுவரில் ஒலியை மோதவிட்டுத் திருப்புவோம் என்றார்கள். யமஹா ஒய்.எஸ்.பி.-1 அதற்காகவே 40 சிறு ஸ்பீக்கர்களை அடுக்கி, ஒலியைக் கற்றைகளாகப் பக்கச் சுவர்களுக்கு அனுப்பியது. அருமையான பொறியியல். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் வெறும் சுவர் வேண்டும். நம் ஹாலில் ஒரு பக்கம் ஜன்னலும் திரைச்சீலையும், மறுபக்கம் சாப்பாட்டு மேசை வரை திறந்த வெளி. போன ஒலி திரும்பி வர வழியில்லை. விலை மலிந்த பார்கள் சுவர்க் கணக்கைக்கூட விட்டுவிட்டு, 'வர்ச்சுவல் சரவுண்ட்' என்று பெட்டியில் அச்சடித்ததோடு நின்றுகொண்டன.

அதனால்தான் பின் ஸ்பீக்கர் திரும்பி வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இன்று அது பல விதமாக வருகிறது. சோனி எச்.டி.-எஸ்20ஆர் போன்றவற்றில் பின் ஸ்பீக்கர்கள் சப் வூஃபரிலிருந்து ஒயரில் போகின்றன. பழைய கதைதான், ஆனால் விலை கைக்கு அடங்கும். அதே நிறுவனத்தின் எஸ்40ஆரில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒயர் இல்லை. பின்னால் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் பெட்டியை பிளக்கில் சொருகி, அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுக்க வேண்டும். மேல் விலையில் இரண்டு பின் ஸ்பீக்கரும் தனித்தனியே ஒயர்லெஸ். ஜே.பி.எல். பார் 1000இல் பின் ஸ்பீக்கர்கள் பாரின் இரு முனைகளிலேயே ஒட்டியிருக்கும். படம் பார்க்கும்போது கழற்றிப் பின்னால் வைக்கலாம், உள்ளே பேட்டரி உண்டு. இடம் இல்லாத வாடகை வீட்டுக்கு இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒயர்லெஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். பேட்டரி இல்லாத ஒவ்வொரு ஒயர்லெஸ் பின் ஸ்பீக்கருக்கும் கரன்ட் வேண்டும். ஒலிதான் காற்றில் வருகிறது, மின்சாரம் சுவரிலிருந்துதான். கடைக்குப் போகும் முன் சோபாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் நம் வீடுகளில் பிளக் வைப்பது டி.வி. சுவரில்தான். புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதே பின் சுவரில் இரண்டு பாயின்ட் கேட்டு வாங்கிவிடலாம். பின்னால் சுவரைக் கொத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

அன்று வாட்ஸ் எண்ணில் மயங்கியதுபோல இன்று 5.1.2, 7.1.4, 11.1.4 என்று எண் கூடக்கூட மனம் மயங்குகிறது. முதல் எண் காது மட்டத்துச் சேனல்கள், இரண்டாவது சப் வூஃபர், மூன்றாவது மேலிருந்து வரும் ஒலி. டால்பி அட்மாஸ் 2014இல் வீடுகளுக்கு வந்ததிலிருந்து மூன்றாவது எண்ணுக்குத்தான் விலை. பல பார்களில் அது கூரையைப் பார்த்த ஸ்பீக்கர்தான், ஒலி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். இதில் நம் கான்கிரீட் கூரை பெரிய வரம். தட்டையானது, கடினமானது, பத்தடி உயரம் என்பது சரியான கணக்கு. ஓட்டு வீட்டிலும் சாய்வுக் கூரையிலும் அது எடுபடாது. காசு அளவாக இருந்தால் கூரை ஸ்பீக்கரை விட்டுவிட்டு, நிஜமான நடு ஸ்பீக்கரும் நிஜமான பின் ஸ்பீக்கரும் உள்ள செட்டை எடுங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். வசனம் வருவது நடுச் சேனலில். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலானது அதுதான். செய்தியும் சீரியலும் மட்டும் ஓடுகிற வீட்டுக்குப் பின் ஸ்பீக்கரே வேண்டாம், நடு ஸ்பீக்கர் உள்ள நல்ல பார் ஒன்று போதும்.

வைக்கும் இடம் அன்றும் இன்றும் மாறவில்லை. 5.1இல் பின் ஸ்பீக்கர் என்பது நேர் முதுகுக்குப் பின்னால் இல்லை. டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்தால் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால், 110 முதல் 120 பாகை வரை. உயரம் காதுக்குக் கொஞ்சம் மேலே. சோபா பின் சுவரோடு ஒட்டிக் கிடக்கிற ஹாலில் சுவரில் ஆணியடித்து மாட்டுவதைவிட, சோபாவின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. முடிந்தால் சோபாவை ஒரு முழம் முன்னே இழுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகும். பின் ஸ்பீக்கர் அரை மீட்டரிலும் பார் 3 மீட்டரிலும் இருந்தால் பின் ஒலி 7 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வந்து காதைத் தன் பக்கம் இழுக்கும். அன்று இதைச் சரிசெய்ய வழியில்லை, பெட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். இன்று பல செட்டுகளில் மெனுவில் தூரத்தைக் கொடுத்தால் போதும். சில பார்கள் மைக்கில் கேட்டுத் தாமே அளந்துகொள்கின்றன. அன்றைய மெக்கானிக் எவருக்கும் கிடைக்காத வசதி இது. வாங்கியவர்கள் அந்த மெனுவைத் திறக்காமலே விட்டுவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பின் ஸ்பீக்கர் பேசவே இல்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் டி.வி.யின் செட்டிங்கைத் திறக்க வேண்டும். ஒலி வெளியீடு 'பி.சி.எம்.' என்று இருந்தால் பல டி.வி.க்களில் இரண்டு சேனல்தான் வெளியே போகும். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக்குங்கள். ஆப்டிகல் ஒயரில் 5.1 வரும், அட்மாஸ் வராது. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியில் ஓ.டி.டி.யின் அட்மாஸ் வரும். ப்ளூ ரே டிஸ்க்கின் தரம் இழக்காத ஒலியை டி.வி. வழியாகவே கொண்டுவர இ-ஏ.ஆர்.சி. வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் பெரும்பாலான கேபிள் சேனலிலும் யூடியூப் வீடியோவிலும் இருப்பது இரண்டு சேனல் ஒலிதான். அங்கே பின் ஸ்பீக்கர் அமைதியாக இருப்பது பழுது இல்லை. ரிமோட்டில் சரவுண்ட் பட்டனை அழுத்தினால் அது இரண்டிலிருந்து பின்னொலியைப் பிரித்தெடுக்கும். இரண்டு பாசிட்டிவ் இணைப்பு செய்த அதே வேலையை இன்று ஒரு சிப் நுட்பமாகச் செய்கிறது.

ஒரே ஒரு இடத்தில் அன்று நம்மிடம் இருந்தது இன்று இல்லை. 4440 ஐ.சி. போனால் சில பத்து ரூபாயில் வேறு ஐ.சி. மாற்றி, அன்று மாலையே பாட்டு கேட்டோம். எந்த ஸ்பீக்கரையும் எந்த ஆம்ப்ளிஃபையரிலும் கோத்தோம். இன்றைய ஒயர்லெஸ் பின் ஸ்பீக்கர் பெரும்பாலும் தன் சொந்த பாரோடு மட்டுமே பேசும். வாரன்டி முடிந்து அதில் ஒன்றின் போர்டு போனால், அந்த மாடல் சந்தையிலிருந்து விலகியிருந்தால், நல்ல நிலையில் இருக்கிற மற்ற எல்லாப் பெட்டியும் சேர்ந்து பாதி மதிப்பை இழக்கின்றன. லட்ச ரூபாய் செட்டுக்கும் இதே நிலைதான். ஆகவே விலை பேசும்போதே கேளுங்கள்: பின் ஸ்பீக்கர் ஒன்று மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதன் அடாப்டர் தனியாக விற்கிறதா, சர்வீஸ் சென்டர் நம் ஊரிலேயே இருக்கிறதா, வாரன்டி பாருக்கு மட்டுமா எல்லாப் பெட்டிக்குமா. ஒயரில் இணைகிற மாடலுக்கும் ஒயர்லெஸ் மாடலுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால், பின் சுவர் வரை ஒயர் மறைவாகப் போக வழியிருக்கிற வீட்டுக்கு ஒயர் மாடலையே நான் சொல்வேன். அதில் பின் பெட்டி என்பது ஒயரும் ஸ்பீக்கரும் மட்டும்தான். பத்து வருஷம் கழித்தும் யாராவது ஒருவர் அதைத் திறந்து சரிசெய்து கொடுக்க முடியும்.