லிஸ்ப் (நிரல்மொழி)

லிஸ்ப் என்பது 1958 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய நிரல்மொழி ஆகும். இன்றும் பயன்பாட்டில் உள்ள உயர்நிலை நிரல்மொழிகளுள் போர்ட்ரானுக்கு அடுத்தபடியாகப் பழமையானது இதுவே. காமன் லிஸ்ப், ஸ்கீம், குளோஜர், ஈமாக்ஸ் லிஸ்ப் ஆகியன இதன் முக்கிய கிளைமொழிகள் ஆகும். கற்றவர்களால் பெரிதும் போற்றப்படும் இம்மொழி, மென்பொருள் தொழிற்துறையில் அதற்கேற்பப் பரவவில்லை.

சிறப்பியல்புகள்

லிஸ்ப்பில் நிரல், தரவு இரண்டும் அடைப்புக்குறிகளுக்குள் அமைந்த பட்டியல்களாகவே எழுதப்படுகின்றன. செயற்குறி முதலில் வரும். எடுத்துக்காட்டாக, (* (+ 2 3) 4) என்பதன் விடை 20 ஆகும். நிரலே ஒரு பட்டியல் என்பதால், ஒரு நிரலால் மற்றொரு நிரலை எளிதில் ஆக்க முடிகிறது. மாக்ரோ எனப்படும் இவ்வசதியின் மூலம் நிரலாளர் தம் தேவைக்கேற்ப மொழியையே விரிவாக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே அதனுடன் உரையாடி, அதன் பகுதிகளை மாற்றவும் இயலும். பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் முறை முதன்முதலில் லிஸ்ப்பிற்காகவே உருவாக்கப்பட்டது.

நிரலாளர் அனுபவங்கள்

1995 இல் பால் கிரகாம், ராபர்ட் மாரிஸ் ஆகியோர் தொடங்கிய வயாவெப் நிறுவனம், இணையக் கடைகளை உலாவி வழியாகவே வடிவமைக்கும் மென்பொருளை வழங்கியது. அதன் வடிவமைப்புப் பகுதி காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டது. போட்டியாளர்களை விட விரைவாகப் புதிய வசதிகளைச் சேர்க்க லிஸ்ப்பே உதவியது என்றும், அப்பகுதியின் நிரலில் 20 முதல் 25 விழுக்காடு வரை மாக்ரோக்கள் என்றும் கிரகாம் எழுதியுள்ளார். 1998 இல் இந்நிறுவனத்தை யாகூ வாங்கியது. சில ஆண்டுகளின் பின்னர் யாகூ அம்மென்பொருளை சி++, பேர்ள் மொழிகளில் மாற்றி எழுதியது.

1999 மே மாதம், நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை லிஸ்ப்பில் எழுதப்பட்ட ஒரு தன்னியக்க மென்பொருள் சோதனை முறையில் கட்டுப்படுத்தியது. தரைச் சோதனைகளில் தென்படாத வழு ஒன்று விண்வெளியில் வெளிப்பட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இயங்கிக்கொண்டிருந்த நிரலை ஆராய்ந்து காரணத்தைக் கண்டறிய லிஸ்ப்பின் உரையாடல் வசதி உதவியது. ஆயினும் இவ்வெற்றியால் லிஸ்ப்புக்கு அந்த ஆய்வகத்தில் நிலையான இடம் கிடைக்கவில்லை என அங்கு பணியாற்றிய ரான் கேரட் பதிவு செய்துள்ளார்.

2005 இல் ஸ்டீவ் ஹஃப்மன் ரெடிட் தளத்தை முதலில் காமன் லிஸ்ப்பிலேயே எழுதினார். கிரகாமின் ஒய் காம்பினேட்டர் முதலீடு செய்த முதல் நிறுவனங்களுள் ரெடிட்டும் ஒன்று. எனினும் அதே ஆண்டு டிசம்பரில் தளம் பைத்தானுக்கு மாற்றப்பட்டது. நன்கு சோதிக்கப்பட்ட, பரவலாகப் பயன்படும் நிரலகங்கள் இல்லாமையும், நிரல் எழுதும் கணினியும் வழங்கியும் வெவ்வேறு இயங்குதளங்களைக் கொண்டிருந்ததால் எழுந்த சிக்கல்களும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. மொழியின் மீது அவருக்குக் குறை இருக்கவில்லை. மொழியைச் சூழ்ந்த வசதிகளே போதவில்லை.

பரவலுக்கான தடைகள்

தொடரமைப்பு: அடைப்புக்குறிகள் புதியவர்களை மிரளச் செய்கின்றன. போர்ட்ரானை ஒத்த வேறொரு எழுத்துமுறையை மெக்கார்த்தி திட்டமிட்டிருந்தார். அது முழுமை பெறுவதற்குள் நிரலாளர்கள் அடைப்புக்குறிகளுக்குப் பழகிவிட்டனர்.

பிளவுகள்: கிளைமொழிகள் பல, ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. காமன் லிஸ்ப் 1994 இல் அமெரிக்கத் தர நிர்ணயம் பெற்றது. ஆனால் பிணையத் தொடர்பு, இணைநிலைச் செயலாக்கம் போன்றவை அத்தரத்தில் இடம்பெறாததால், ஒவ்வொரு செயலாக்கமும் அவற்றைத் தன் வழியில் வழங்கியது.

தனித்து இயங்கும் போக்கு: வேண்டியதைத் தானே எளிதில் ஆக்கிக்கொள்ள முடிவதால், பிறருக்கும் பயன்படும் வகையில் ஆவணங்களுடன் நிரலகத்தை வெளியிடும் தேவை நிரலாளருக்குக் குறைகிறது. வலிமையே இங்கு தடையாகிறது.

பணியாளர்: லிஸ்ப் அறிந்தவர் சிலரே என்பதால் நிறுவனங்கள் தயங்குகின்றன. நிறுவனங்கள் தயங்குவதால் கற்போரும் பெருகுவதில்லை.

பழைய பெயர்: லிஸ்ப்பிற்கென்றே தயாரிக்கப்பட்ட விலையுயர்ந்த கணினிகளின் சந்தை 1980களின் பிற்பகுதியில் சரிந்தது. செயற்கை அறிவாண்மை ஆய்வில் ஏற்பட்ட ஏமாற்றத்தின் பழியும் லிஸ்ப்பின் மீது விழுந்தது. மெதுவானது, நினைவகத்தை விழுங்குவது என்ற எண்ணம், தரமான தொகுப்பிகள் வந்த பின்னரும் நீடித்தது.

பிற்கால வளர்ச்சி

2007 இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர், ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவதால் ஜாவா நிரலகங்களை நேரடியாகப் பயன்படுத்துகிறது. 2010 இல் வெளிவந்த குவிக்லிஸ்ப், காமன் லிஸ்ப் நிரலகங்களை நிறுவுவதை எளிதாக்கியது. நினைவக மீட்பு, பெயரிலாச் செயற்கூறுகள், உரையாடல் முறை நிரலாக்கம் ஆகிய லிஸ்ப் கூறுகள் இன்று பைத்தான், ரூபி, யாவாசிகிரிப்ட்டு போன்ற மொழிகளில் இயல்பாகக் காணப்படுகின்றன. இக்கூறுகளைப் பெற லிஸ்ப்பிற்கு மாறும் தேவை இதனால் குறைந்தது. மாக்ரோக்களைப் பட்டியல்களாகவே கையாளும் எளிமை மட்டும் பெரும்பாலும் லிஸ்ப் குடும்பத்திற்கே உரியதாக உள்ளது.